கரும்பு வெட்டும்வரை பொறுக்காத புண்

1

போன வாரம் என் மகள் இனியாவின் பள்ளியில், பெற்றோர்கள் வந்து தங்கள் வேலையைப் பற்றிப் பேசும் நாள். எனக்கு முன்னால் பேசியவர் ஒரு தீயணைப்பு வீரர். தலைக்கவசம் கொண்டுவந்திருந்தார். பிள்ளைகள் ஒருவர் விடாமல் மாட்டிப் பார்த்தார்கள். அவருக்குப் பிறகு நான். என் நேரம் அப்படி. மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் தட்டைக் காட்டி, இதில்தான் புற்றுநோய்ச் செல்களை வளர்க்கிறேன், எந்த மருந்துக்கு அவை சாகின்றன என்று பார்க்கிறேன் என்றால் எந்தக் குழந்தை கைதட்டும்?

ஜெர்மனிக்கு, இந்த லைப்சிக் நகரத்துக்கு வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இந்த மொழியில் ஒவ்வொரு பொருளுக்கும் ஆணா, பெண்ணா, ரெண்டுமில்லையா என்று ஒரு வகை உண்டு. அது இன்னும் என் நாக்குக்குப் படியவில்லை. செல்லை ஆணாக்கிவிட்டேன். அது பெண்ணாம். பின் வரிசையில் ரெண்டு பேர் சிரித்தார்கள். இனியா மேசையைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டாள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

ஒரு சின்னப் பெண் கை தூக்கினாள். "ரொம்ப நாளாகத் தேடுகிறீர்களே, எப்போது கண்டுபிடித்து முடிப்பீர்கள்?"

கொஞ்சம் கொஞ்சமாக முடியும், ஒவ்வொரு வகைக்கும் ஒவ்வொரு வழி, என்று எதையோ சொன்னேன். அந்தப் பெண்ணுக்கு அது போதவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. அப்போது இனியா, யாரும் கேட்காமலே, சுத்தமான ஜெர்மனில் சொன்னாள்: "அம்மாவின் அண்ணனுக்கு அது வந்தது. அவர் செத்துவிட்டார்."

அம்மாவின் அண்ணன். என் மாமா என்று வரவில்லை அவள் வாயில். அவன் மடியில் உட்காரவைத்துத்தான் அவளுக்குக் காது குத்தினோம். அழுத அழுகையில் அவன் சட்டையை நனைத்தாள். அவளுக்கு அதெல்லாம் நினைவில் இருக்க நியாயமில்லை, கைக்குழந்தை. இருந்தாலும் டீச்சர் வந்து என் தோளைத் தொட்டு நன்றி சொல்லும்வரை அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.

அந்தப் பெண்ணுக்கு நான் சொன்னது அரைகுறைப் பதில். மிச்சத்தை உங்களுக்காவது சொல்லிவிடலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

2

என் அண்ணன் பெயர் ஏழுமலை. திருக்கோவிலூருக்கும் மூங்கில்துறைப்பட்டுக்கும் நடுவில் எங்கள் ஊர். வயலைக் கொல்லை என்போம், அங்கே நின்றால் மேற்கே கல்வராயன் மலை தெரியும். அப்பா விட்டுப்போன நிலத்தில் அவன் கரும்பு போட்டான். வேறு எதுவும் போடமாட்டான். நெல் போடு என்றால், நெல்லுக்கு ஆள் தேடியே ஆயுசு முடிஞ்சிடும் என்பான்.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிடுவான். எடுத்ததும் ஒரே கேள்விதான்.

"இன்னா பாப்பா, மருந்து ரெடியா?"

"ஆயிடும்ணா."

"பத்து வருசமா ஆயிடும் ஆயிடும்ன்ற. நம்மூரு பாலத்தையே கட்டி முடிச்சிட்டாங்க. வெள்ளக்காரன் ஊர்ல இன்னாதான் பண்ணிக்கினு இருக்கீங்க?"

அவனுக்குச் சொல்லிப் புரியவைக்க நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. ஒரு மருந்து என்று யாரும் தேடவில்லை அண்ணா, இது ஒரே நோயில்லை, நூறு நோய்க்கு ஒரே பெயர் என்பேன். களை மாதிரியா என்று கேட்பான். களை வெளியிலிருந்து வருகிறது, இது பயிரே தன்னால் கெட்டு, நிற்கத் தெரியாமல் வளர்வது என்பேன். "அப்ப மருந்து அடிச்சா பயிரும் சேர்ந்து போவும்" என்றான் ஒரு நாள். அதுதான் சிக்கலே. அவன் சொன்னதை இங்கே பெரிய பெரிய வார்த்தைகளில் சொல்கிறோம்.

இப்போதிருக்கும் மருந்துகள் பலவும் நல்லதையும் கெட்டதையும் சேர்த்தே அடிக்கின்றன. முடி கொட்டுவதும் வாந்தி வருவதும் அதனால்தான். கெட்டதை மட்டும் அடையாளம் கண்டு அடிக்க வேண்டும் என்பது ஓர் ஆசை. நம் ரத்தத்திலேயே காவலாட்கள் இருக்கிறார்கள், கண்ட கிருமியையும் பிடிப்பவர்கள். ஆனால் இந்த நோய், நானும் இந்த வீட்டுப் பிள்ளைதான் என்று சொல்லி அவர்களை ஏமாற்றிவிடுகிறது. அந்த வேஷத்தைக் கலைக்க முடியுமா என்று பார்ப்பதுதான் என் வேலை. வாய்ப் புற்றிலிருந்து எடுத்த செல்கள், அவற்றின் மேல் காவல் செல்கள், நடுவில் மருந்து. பெரும்பாலான நாள் ஒன்றும் நடக்காது. தட்டைக் குப்பையில் போட்டுவிட்டு டிராம் பிடித்து வீட்டுக்கு வருவேன்.

இன்னொரு கூட்டம், எச்சிலிலும் ரத்தத்திலும் முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமா என்று பார்க்கிறது. குணமாக்கவே முடியாததையும் சர்க்கரை வியாதி மாதிரி, மாத்திரை போட்டுக்கொண்டு பேரன் பேத்தி எடுக்கிற அளவுக்கு இழுத்துக்கொண்டு போக முடியுமா என்பது வேறு சிலருடைய கனவு. வராமலே தடுப்பது எல்லாவற்றிலும் மலிவு. அதைச் சொன்னால்தான் அண்ணனுக்குக் கோபம் வரும். இளவட்டத்திலிருந்து இடது கன்னத்தில் புகையிலையை அடக்கிக்கொண்டவன். வெயிலில் கரும்பு வெட்டுகிறவனுக்கு அது பசியை மறக்கடிக்கும்.

"அத்த உடுண்ணா."

"நம்ம தாத்தா சாவற வரைக்கும் போட்டாரு. இன்னா ஆச்சி அவருக்கு? மாடு முட்டித்தான் செத்தாரு."



3

ஒரு தீபாவளி சமயம் வீடியோவில் பேசும்போது அவன் வார்த்தைகள் தடித்து வந்தன. வாயில் எதையோ வைத்துக்கொண்டு பேசுகிறான் என்று நினைத்து, துப்பிட்டுப் பேசுண்ணா என்றேன். "ஒண்ணுமில்ல, பல்லு வலி" என்றான். பின்னாலிருந்து அண்ணி அஞ்சலை குரல் கொடுத்தாள். "பல்லு வலியா? ரெண்டு மாசமா ஒரு பக்கமாத்தான் சோறு துன்றாரு. காரம் ஆவல. கேட்டா எரிஞ்சி வுழறாரு."

வாயைத் திறக்கச் சொன்னேன். அண்ணி டார்ச் அடித்தாள். முழுதாகத் திறக்க முடியவில்லை அவனால். இடது கன்னத்தின் உள்பக்கம் வெள்ளை படர்ந்து, நடுவில் விளிம்பு தடித்த சிவப்புப் புண். கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு? தினம் நான் பார்க்கும் படம் அது. யார் யாருடைய வாயோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன், அன்றைக்கு என் அண்ணன் வாய்.

"நாளைக்கே கள்ளக்குறிச்சி போ. சத எடுத்துப் பாக்கச் சொல்லு."

போனான், என் தொல்லை தாங்காமல். முடிவு வந்தது. நான் நினைத்ததுதான். சென்னைக்குப் போய் உடனே அறுவை சிகிச்சை செய்துகொள்ளுங்கள், தள்ளிப்போடாதீர்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அவனோ, "கட்டிங் ஆர்டர் வரட்டும்" என்றான்.

கரும்புக்காரர்களுக்கு இது புரியும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். ஆலைக்குப் பதிவு செய்த கரும்பை நினைத்த நாளில் வெட்டிக் கொண்டுபோக முடியாது. நட்ட தேதிப்படி முறை வரும்போது ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வரும். வந்ததும் வெட்டாள் மேஸ்திரியைப் பிடித்து, வண்டி பிடித்து, வெட்டி ஏற்றிவிட வேண்டும். முறையை விட்டால் ஆட்கள் அடுத்தவன் கொல்லைக்குப் போய்விடுவார்கள். நிற்கிற கரும்பு பூத்து, சக்கையாகி, எடை கம்மியாகும். மகன் ஓசூரில் கம்பெனி வேலையில் இருந்தான். அண்ணியை நம்பி விட்டுப்போக இவனுக்கு மனசில்லை.

"ஒரு வருசமா வளத்தது பாப்பா. வெட்டி ஏத்திட்டு நேரா ஆஸ்பத்திரிதான். சொன்னா சொன்னதுதான்."

அது பாதிக் காரணம். மீதியை அண்ணி வாயைப் பிடுங்கித்தான் தெரிந்துகொண்டேன். கத்திக்குப் பயம். அந்தப் பயத்துக்கும் கரும்பிலிருந்துதான் நியாயம் எடுத்திருந்தான். நட்ட கரும்பை அடியோடு வெட்டினாலும் கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும், முன்னைவிடப் பக்க முளை ஜாஸ்தியாக. கட்டைக்கரும்பு என்று அதையே அடுத்த வருஷம் விளைச்சல் எடுப்பார்கள். இவன் சொன்னானாம்: "வெட்ட வெட்ட முளைக்கறத நான் பாக்காதவனா? இதுல கத்திய வெச்சா, ஒண்ணு பத்தாயிடும்."

படித்தவர்களே கத்தி பட்டால் பரவும் என்கிறார்கள். இவன் கண்ணால் பார்த்த ஆதாரத்தோடு சொல்கிறான். அன்று நான் அழுதது ஆத்திரத்தில்.

4

நேரில் போய் இழுத்துக்கொண்டு போகலாம் என்றால், என் குடியிருப்பு அட்டை காலாவதியாகி, புதியது வரவில்லை. அது கையில் இல்லாமல் நாட்டை விட்டுப் போனால் திரும்ப உள்ளே விடுவார்கள் என்று உறுதியில்லை. வெளிநாட்டினர் அலுவலகத்தில் எதற்கும் 'டெர்மின்' வேண்டும். அதாவது நாள் ஒதுக்கித் தருவார்கள், அதற்குமுன் வாசலில் நின்று கத்தினாலும் கதவு திறக்காது. என் டெர்மின் பொங்கலுக்கும் பிறகு.

என் அண்ணன் சாகக் கிடக்கிறான் என்று மின்னஞ்சல் எழுதினேன். 'சாகக் கிடக்கிறான்' என்பதை ஜெர்மனில் எழுதத் தெரியாமல், இனியாவைக் கேட்டேன். அவள் சரியான வார்த்தையைச் சொல்லிவிட்டு, "நிஜமாவா?" என்று கேட்டாள். நிஜமில்லை, சீக்கிரம் நாள் கிடைப்பதற்காக எழுதுகிறேன் என்றேன். மரியாதையான பதில் வந்தது. வருந்துகிறோம், வரிசைப்படிதான்.

அவனுக்குக் கட்டிங் ஆர்டர், எனக்கு டெர்மின். ரெண்டு பேரும் ஏதோ ஒரு ஆபீஸ் நம் பெயரைக் கூப்பிடட்டும் என்று உட்கார்ந்திருந்தோம். புண் எந்த ஆபீசுக்காகவும் காத்திருக்காது. அதை மட்டும் எங்கள் வேலையில் நாங்கள் நன்றாகக் கற்றிருக்கிறோம்.

கடைசியில் அவன் பாஷையிலேயே பேசினேன். அவன் மதியச் சாப்பாட்டுக்குக் கொல்லையிலிருந்து வரும் நேரம் பார்த்து வீடியோவில் கூப்பிட்டேன்.

"அண்ணா, செவ்வழுகல் வந்த தூர இன்னா பண்ணுவ?"

தூர் என்பது ஒரே அடியில் கிளைத்து நிற்கும் கரும்புக் கொத்து; செவ்வழுகல் கரும்புக்கு வரும் நோய். பிளந்து பார்த்தால் உள்ளே சிவந்து, புளித்த நாற்றம் அடிக்கும்.

"இன்னாத்துக்கு அது இப்ப?"

"சொல்லேன்."

"வேரோட பேத்து எடுத்துக் கொளுத்துவேன். அந்தக் குழியில மருந்து ஊத்துவேன்."

"கட்டய உட்டு வெப்பியா?"

"பைத்தியமா நீ? கட்டய உட்டா கொல்லையே போயிடும்."

"கட்டிங் ஆர்டர் வர வரைக்கும் வெச்சிக்கினு இருப்பியா?"

சோற்றைப் பிசையும் கை நின்றது தெரிந்தது.

"அந்த டாக்டருங்க வெட்டப் போறதில்லண்ணா. வேரோட பேத்து எடுக்கப் போறாங்க. குழியில மருந்தும் ஊத்துவாங்க."

"ம்ம்" என்றான். பிறகு, "இத்த மொதல்லயே இப்படிச் சொல்லக்கூடாதா? ரத்தத்துல போலீசு, வேசம், அது இதுன்னு கத உட்டுக்கினு கெடந்த" என்றான். சிரிக்கப் பார்த்தான். வாய் இழுத்துக்கொண்டது.

அந்த வாரமே அண்ணியோடு சென்னைக்குப் பஸ் ஏறினான். கரும்பு நின்றது நின்றபடி இருந்தது.

5

பரிசோதனை, ஸ்கேன் என்று ஆஸ்பத்திரியில் நாட்கள் போய், அறுவைக்குத் தேதி கொடுத்தபோது என் அட்டையும் வந்துவிட்டது. முந்தின நாள் போய்ச் சேர்ந்தேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தவனைப் பார்த்து ஒரு கணம் வேறு யாரோ என்று தாண்டிப்போகப் பார்த்தேன். அவ்வளவு இளைத்திருந்தான். அண்ணி போனில் மேஸ்திரியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். கட்டிங் ஆர்டர் வந்துவிட்டதாம். "ஆளு இல்லன்னு எங்கிட்ட சொல்லாத. போன வருசம் உன் ஆளுங்களுக்கு எத்தன நாளு சோறு போட்டன்? நன்றி வோணாம்?" இவளை நம்பி விட்டுவரத்தான் இவனுக்கு மனசில்லாமல் இருந்தது. அந்த வாரத்துக்குள் கரும்பு முழுக்க வெட்டி ஏறிவிட்டது, அவள் போனிலேயே.

சாயங்காலம் ஒரு இளம் டாக்டரம்மா வந்தார். எதையெல்லாம் எடுப்பார்கள், தாடையில் எவ்வளவு, கழுத்தில் எவ்வளவு, நெஞ்சிலிருந்து சதை எடுத்துக் கன்னத்தில் எப்படி வைப்பார்கள் என்று பொறுமையாகச் சொன்னார். பிறகு, "இன்னொன்று கேட்கணும். எடுப்பதில் பரிசோதனைக்குப் போக மிச்சத்தை ஆராய்ச்சிக்கு வைத்துக்கொள்ளலாமா? உங்களுக்கு விருப்பம் இருந்தால்தான். வேண்டாமென்றாலும் சிகிச்சையில் வித்தியாசம் இருக்காது" என்றார்.

அண்ணன் என்னைப் பார்த்தான்.

"உனக்கு வருமா?"

"எனக்கு வராதுண்ணா. இங்கயே வெச்சிருப்பாங்க. முறைப்படி கேக்கறவங்களுக்குக் குடுப்பாங்க."

அவன் முகம் வாடியது. ஏன் என்று எனக்கு அப்போது புரியவில்லை. அவனே சொன்னான், ஒவ்வொரு வார்த்தையாக.

"இந்தப் பொங்கலுக்கு வரிச அனுப்பல உனக்கு."

எங்கள் பக்கம் கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பொங்கல் வரிசை அனுப்பாமல் இருக்கமாட்டார்கள். பச்சரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து, கரும்பு, புடவை. அப்பா போன பிறகு அது அண்ணன் கடமை. கரும்பை ஜெர்மனிக்கு அனுப்ப முடியாது என்ற கொரியர்காரனோடு மல்லுக்கு நின்றவன் இவன். புடவையாவது ஒவ்வொரு வருஷமும் வந்துவிடும். அந்த வருஷம்தான் முதல்முறையாக வரவில்லை. எனக்கு அது நினைப்பிலேயே இல்லை.

"அதான், இதாவது உனக்கு வரட்டும்னு பாத்தன்" என்றான்.

அண்ணி போனைக் கீழே வைத்தாள். "வாயக் கழுவு! வரிசயில வெக்கற பொருளா அது? நல்லது கெட்டது தெரியாம..." என்று ஆரம்பித்தவள், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. டாக்டரம்மா பேனாவை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்.

அண்ணன்தான் பேனாவை வாங்கினான். "உன்ன மாதிரியே எவளோ ஒருத்தி, எங்கியோ தட்ட வெச்சிக்கினு குந்திக்கினு இருப்பா இல்ல? அவளுக்குப் போவட்டும். அவளும் ஒருத்தனுக்குத் தங்கச்சிதான."

கையெழுத்துப் போட்டான்.

6

அறுவை நல்லபடியாக முடிந்தது. கதிர்வீச்சு வைத்தியமும் முடிந்தது. நான் லைப்சிக் திரும்பினேன். சில மாதங்களில் கழுத்தில் மறுபடி வந்தது. இரண்டாம் முறை வைத்தியத்துக்கு அது அசையவில்லை.

அந்த வாரங்களைத் தள்ளிப்போடாமல் தீபாவளிக்கு மறுநாளே போயிருந்தால் பிழைத்திருப்பானா என்று அண்ணி கேட்டாள். மகன் கேட்டான். ஊரே கேட்டது. நானும் பெரிய டாக்டரைக் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். உண்மைதான். ஆயிரம் பேரைச் சேர்த்து வைத்தால் சீக்கிரம் வந்தவர்களில் எத்தனை பேர் பிழைப்பார்கள் என்று எங்களால் சொல்ல முடியும். ஏழுமலை பிழைத்திருப்பானா என்று எந்தக் கொம்பனாலும் சொல்ல முடியாது. எனக்கு ஆயிரம் அண்ணன் இல்லை. இருந்தது ஒருத்தன்.

ஆடி மாதத்தில் போய்விட்டான். போன மாதம் முதல் தெவசம். அதற்கு நான் போகவில்லை, லீவு இல்லை. அது முடிந்த மறுநாள், சனிக்கிழமை, அண்ணி வீடியோவில் கூப்பிட்டாள். நான் ஆய்வுக்கூடத்தில் இருந்தேன்.

"இன்னா பாப்பா, லீவு நாள்லயும் வேலையா?"

"இதுங்களுக்கு லீவு கெடையாது அண்ணி. ரெண்டு நாளைக்கு ஒருக்கா பழச எடுத்துட்டுப் புதுசா சத்துத் தண்ணி ஊத்தணும். இல்லன்னா செத்துடும்."

ஒரு தட்டைத் தூக்கிக் காட்டினேன். இளஞ்சிவப்புத் தண்ணீரைத் தவிர அவளுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது.

"யாரோடது அது?"

"தெரியாது. எப்பவோ ஒருத்தரோட வாயில எடுத்தது. அவரு போயி ரொம்ப வருசம் ஆயிருக்கும்."

"அவரு போயிட்டாரு, இது இருக்குதா?"

"ஆமா."

தெவசத்துக்கு வாடகைக்கு எடுத்த பந்தல் நாற்காலிகளை அங்கே யாரோ அடுக்கிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது.

"உங்கண்ணனுக்கு அறுத்தது... அதுவும் எங்கனா இப்படி உசுரோட இருக்குமா பாப்பா?"

அநேகமாக இருக்காது. அப்படி வைப்பதில் பெரும்பகுதி மெழுகில் பதித்து வைப்பது, இல்லாவிட்டால் உறையவைப்பது. தட்டில் வளர்ப்பது அரிது, வளர்த்தாலும் பிழைப்பது இன்னும் அரிது. இதையெல்லாம் நான் ஒரு மணி நேரம் விளக்குவேன். என் வாய், "தெரியல அண்ணி, இருந்தாலும் இருக்கும்" என்றது.

"இருந்தா, அதுங்கிட்ட இருக்கறவங்களுக்கு ஒரு வார்த்த சொல்லு. பட்டினி போட வோணாம்னு. கடைசி ஒரு மாசம் குழாயில ஊத்தனதுகூட அவருக்கு நிக்கல. வெறும் வயித்தோடதான் போனாரு."

அவனைத் தின்றதே அதுதான் அண்ணி, என்று தொண்டைவரை வந்தது. அவளுக்கும் அது தெரியும். பக்கத்திலிருந்து பார்த்தவள் அவள்தான்.

"சொல்றன் அண்ணி" என்றேன்.